ஜீப்பைத் தொலைத்த கம்பெனியும் காடிலாக் கழற்றிப் போட்ட காற்றுப் பையும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் படித்தது பி.காம். பார்ப்பது வங்கி வேலை. ஸ்பேனரில் பதினாலு எது, பதினேழு எது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லத் தெரியாது. ஆனால் ஜபல்பூர் மாதிரி ஓர் ஊருக்கு மாற்றலாகி வந்தவன் வண்டிகளைப் பற்றிப் பேசாமல் தப்பிக்க முடியாது. ராணுவத்துக்கு வண்டி செய்யும் தொழிற்சாலை 1969-லிருந்து இங்கே இருக்கிறது. சக்திமான் லாரி, ஜோங்கா ஜீப் எல்லாம் இந்த ஊர்ச் சரக்குதான். தெருவுக்கு ஒரு ரிட்டயர்டு ஃபிட்டர், சந்துக்கு ஒரு வெல்டிங் பட்டறை. நம்மூர் டீக்கடையில் அரசியல் பேசுவார்கள். இங்கே ஆக்சில் பேசுகிறார்கள். கேட்டுக் கேட்டு எனக்கும் ஒரு கிறுக்குப் பிடித்துவிட்டது.

கிறுக்கு எதன் மேல் என்றால், ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற சின்ன டிரெய்லர் மேல். ரெண்டு சக்கரம், ஒரு பெட்டி, முன்னால் ஒரு கொக்கி. ரோடே இல்லாத இடத்துக்கும் கூடாரம், தண்ணீர், அடுப்பு, படுக்கை எல்லாம் கூடவே வரும். ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் தென்னாப்பிரிக்காவிலும் இதை வீட்டுப் பின்கட்டில் தாங்களே செய்துகொள்கிறவர்கள் நிறைய. அதிலும் கொஞ்சம் விவரமான ஆட்கள் பட்டை ஸ்பிரிங்கை விட்டுவிட்டு, வால்வோ பஸ்ஸில் இருப்பது போலக் காற்றுப் பை வைத்துக் கட்டுகிறார்கள்.

இந்த வண்டியின் பூர்வீகத்தைத் தோண்டப் போனேன். போகப் போக, பழைய கடன் ஃபைல் படிக்கிற மாதிரியே இருந்தது. வீட்டில் டிரெய்லர் கட்டுகிறவர் கையில் எடுக்கும் முக்கியமான சாமான் ரெண்டு. ரெண்டுமே எங்கேயோ ஒரு கம்பெனி தோற்றுப்போய்ப் போட்டுவிட்டுப் போனது.

1929-லிருந்து ஆரம்பிக்கலாம். டெட்ராய்ட்டில் ஆர்தர் ஷெர்மன் என்று ஒருவர். கார் ஊர்தான், ஆனால் இவர் கார்க்காரர் இல்லை. நுண்ணுயிரியல் படித்தவர், மருந்துக் கம்பெனி நடத்தியவர். குடும்பத்தோடு ஊர் சுற்றக் கூடார டிரெய்லர் ஒன்று வாங்கினார். ஐந்தே நிமிஷத்தில் விரித்துவிடலாம் என்று விளம்பரம் சொன்னது. போன இடத்தில் மழை பிடித்துக்கொண்டது. கூடாரத்தோடு மல்லுக்கட்டி முடிப்பதற்குள் குடும்பம் மொத்தமும் தெப்பம். மனுஷன் ஊர் திரும்பியதும் ஒரு தச்சரை வைத்து, சுவரும் கூரையும் உள்ள மரப் பெட்டி ஒன்றைச் சக்கரத்தின் மேல் கட்டினார். பிள்ளைகள் அதற்குக் 'கவர்ட் வாகன்' என்று பெயர் வைத்தார்கள், அந்தக் காலத்துக் கூண்டு வண்டியை நினைத்து. 1930 ஜனவரியில் டெட்ராய்ட் கார் கண்காட்சியில் கொண்டுபோய் நிறுத்தினார். விலை 400 டாலர். பங்குச் சந்தை சரிந்து மூன்றே மாசம் ஆகியிருந்த நேரம் அது. அப்படியும் 118 வண்டிக்கு ஆர்டர்! 1936 வாக்கில் அந்தத் தொழிலிலேயே பெரிய கம்பெனி அவருடையதுதான்.

கிட்டத்தட்ட அதே சமயம் லாஸ் ஏஞ்சல்ஸில் வாலி பயம் என்று ஒரு பத்திரிகைக்காரர். வீட்டிலேயே டிரெய்லர் செய்வது எப்படி என்று அவர் பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்தது. படித்துச் செய்து பார்த்தவர்கள், வரைபடமே தப்பு என்று திட்டிக் கடுதாசி போட்டார்கள். நாமாக இருந்தால் ஒரு வருத்தம் தெரிவித்துவிட்டுப் போயிருப்போம். அவர் கொல்லைப்புறத்தில் தானே கட்டிப் பார்த்து, சரியான வரைபடம் போட்டு, அதை விற்கவும் ஆரம்பித்துவிட்டார். அந்தக் கொல்லைப்புறம்தான் பிறகு ஏர்ஸ்ட்ரீம் கம்பெனி. வெள்ளிக் கலரில் மாத்திரை மாதிரி வழவழவென்று இருக்குமே, அதே கம்பெனி.

ஆக, டிரெய்லர் என்பதே பிறவியில் வீட்டுச் சரக்குதான். ஆனால் இவை எல்லாம் ஓரளவு நல்ல ரோட்டுக்கான வண்டிகள். காட்டுக்குள்ளும் சேற்றுக்குள்ளும் போகிற டிரெய்லர் வேறு இடத்திலிருந்து வந்தது. போரிலிருந்து.

இங்கேதான் என் ஆள் வருகிறார். ஆள் என்றால் கம்பெனி. பென்சில்வேனியாவில் பட்லர் என்கிற ஊரில் இருந்த அமெரிக்கன் பாண்டம். இங்கிலாந்தின் குட்டி ஆஸ்டின் காரை அமெரிக்காவில் செய்து விற்க 1929-ல் அமெரிக்கன் ஆஸ்டின் என்று தொடங்கிய கம்பெனி. 1934-ல் திவால். ராய் எவன்ஸ் என்ற கார் வியாபாரி எடுத்து, பெயரை மாற்றி ஓட்டினார். அமெரிக்காக்காரனுக்குக் குட்டிக் கார் பிடிக்கவில்லை. 1940-ல் கம்பெனி அநேகமாகப் பூட்டுப் போடுகிற நிலை. எங்கள் பாஷையில் சொன்னால், கணக்கு என்.பி.ஏ. ஆக நாள் எண்ணிக்கொண்டிருந்தது.

1940 ஜூலையில் அமெரிக்க ராணுவம் 135 கம்பெனிகளுக்குக் கடிதம் அனுப்பியது. நாலு சக்கரமும் இழுக்கிற சின்ன உளவு வண்டி வேண்டும். முதல் மாதிரி 49 நாளில். எழுபது வண்டி 75 நாளில். பெரிய கம்பெனிகள் இதைக் கேட்டு சிரித்திருப்பார்கள். பதில் போட்டது பாண்டமும் வில்லிஸும் மட்டும். வில்லிஸ் விலை குறைத்துக் கேட்டது, ஆனால் நாள் கூடக் கேட்டது. 49 நாளுக்கு ஒத்துக்கொண்டது பாண்டம்தான். அதற்கு வேறு வழி ஏது?

தமாஷ் என்னவென்றால், பாண்டத்தில் வரைபடம் போட எஞ்சினியர்களே இல்லை. கார்ல் புரோப்ஸ்ட் என்ற டெட்ராய்ட்டுக்காரரை அழைத்து வந்தார்கள். ரெண்டே நாளில் வண்டியின் முக்கால்வாசி உருவத்தைக் காகிதத்தில் கொண்டுவந்தார். செப்டம்பர் 23-ஆம் தேதி, சாயங்காலம் ஐந்து மணிக் கெடு. ஹோலபர்ட் ராணுவ முகாமுக்குள் பாண்டம் வண்டி நுழைந்தபோது சுமார் அரை மணி நேரம் பாக்கி. வண்டி எல்லாச் சோதனையையும் தாங்கியது. உலகத்தின் முதல் ஜீப் அதுதான்.

பிறகு நடந்ததை எந்தக் கடன் அதிகாரியும் படிக்காமலே யூகித்துவிடுவார். ராணுவம் பாண்டத்தின் பேலன்ஸ் ஷீட்டைப் பார்த்தது. மாசம் ஆயிரக்கணக்கில் வண்டி வேண்டும். இந்த ஆளால் முடியுமா? முடியாது என்று முடிவு கட்டி, பாண்டத்தின் வரைபடங்களை வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் காட்டியது. 1941-ல் 16,000 வண்டிக்கான பெரிய ஆர்டர் வில்லிஸுக்குப் போனது. அதே வண்டியைச் செய்ய ஃபோர்டையும் சேர்த்துக்கொண்டார்கள். போர் முடிவதற்குள் அவர்கள் ரெண்டு பேரும் செய்தது ஆறு லட்சத்துக்கும் மேல். பாண்டம் செய்தது மொத்தம் சுமார் 2,700.

அநியாயம் என்று கத்தத் தோன்றுகிறது அல்லவா? எனக்கும் தோன்றியது. ஆனால் அந்த மேஜையின் இந்தப் பக்கம் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவன் நான். போர்க்காலத்தில் ஒற்றைச் சின்னக் கம்பெனியை நம்பி ஒரு ராணுவம் நிற்க முடியாது. போதாக்குறைக்கு வில்லிஸ் எஞ்சின் பாண்டத்தின் எஞ்சினைவிடப் பலசாலி. யோசனை யாருடையது என்று பார்த்து ஆர்டர் கொடுப்பதில்லை, நாளைக்குச் சரக்கு வருமா என்றுதான் பார்ப்பார்கள். வரைபடத்தைப் போட்டியாளர் கையில் கொடுத்ததைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. ஒரு வாடிக்கையாளரின் புராஜெக்ட் ரிப்போர்ட்டை இன்னொரு வாடிக்கையாளரிடம் நீட்டினால் என் வேலை போய்விடும்!

ஜீப் போயிற்று. ஆறுதல் பரிசாகப் பாண்டத்துக்குக் கிடைத்தது டிரெய்லர் ஆர்டர். கால் டன் டிரெய்லர். நாம் தேடி வந்த சாமான் இதுதான்.

அந்தச் சின்னப் பெட்டியைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். சக்கரம் ஜீப்பின் அதே 6.00-16 சைஸ், ஜீப்பில் பஞ்சர் என்றால் டிரெய்லர் சக்கரத்தைக் கழற்றி மாட்டலாம். ரெண்டு சக்கரத்துக்கும் நடுவே உள்ள அகலமும் ஜீப்பின் அகலமேதான். முன் சக்கரம் அழுத்திய தடத்திலேயே டிரெய்லர் சக்கரமும் வரும், சேற்றில் புதுத் தடம் வெட்ட வேண்டியதில்லை. முன்னால் இரும்பு வளையம். அது ஜீப்பின் பின்னால் உள்ள கொக்கியில் விழுந்தால் மேலே, கீழே, பக்கவாட்டில் எப்படி வேண்டுமானாலும் திரும்பும். உடம்பு முழுக்க நீர் புகாமல் பற்றவைத்தது. ஆற்றில் இறக்கினால் படகு மாதிரி மிதக்கும். அடியில் தண்ணீர் வடிய அடைப்பான் உண்டு. காட்டில் சுமார் 225 கிலோ, நல்ல ரோட்டில் அதைப்போல ரெட்டிப்பு ஏற்றலாம். கீழே ரெண்டு பட்டை ஸ்பிரிங், ரெண்டு ஷாக் அப்சார்பர். அவ்வளவுதான். பாண்டம் இதை எழுபதாயிரத்துக்கும் மேல் செய்து தள்ளியது. இன்று எவர் காட்டுக்கான டிரெய்லர் கட்டினாலும் இழுக்கிற வண்டியின் அதே சக்கரம், அதே தட அகலம், எல்லாப் பக்கமும் திரும்பும் கொக்கி என்றுதான் தொடங்குகிறார்கள். தெரிந்தோ தெரியாமலோ பாண்டத்தின் பாடம்.

போர் முடிந்ததும் இந்த டிரெய்லர்கள் கழிவு விலைக்கு வெளியே வந்தன. அமெரிக்காவில் வீட்டுப் பட்டறைக்காரர்களுக்குக் கொண்டாட்டம். 1947-ல் 'மெக்கானிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' பத்திரிகை கண்ணீர்த்துளி வடிவத்தில் ஒரு குட்டித் தூங்கும் டிரெய்லரின் வரைபடத்தை வெளியிட, அது ஊர் ஊராகப் பரவியது. பாண்டம் மறுபடி காருக்குத் திரும்பவில்லை. ஜீப்பைத் தானே உருவாக்கியதாக வில்லிஸ் விளம்பரம் செய்துகொண்டிருந்தது. அப்படிச் சொல்லக் கூடாது என்று அமெரிக்க வணிக ஆணையம் உத்தரவு போட்டது 1948-ல். 1956-ல் பாண்டத்தை ஓர் இரும்புக் கம்பெனி விழுங்கிவிட்டது.

இனி ரெண்டாவது சாமான். காற்று.

காற்றின் மேல் வண்டியை உட்கார வைக்கும் யோசனை ரொம்பப் பழசு. 1901-லேயே ஹம்ஃப்ரீஸ் என்ற அமெரிக்கர் வண்டி நீளத்துக்கு ரெண்டு காற்று மெத்தை போட்டுக் காப்புரிமை வாங்கியிருக்கிறார். 1920களில் பிரான்சில் ஜார்ஜ் மெஸ்ஸியே ஸ்பிரிங்கே இல்லாத கார் என்று சொல்லி விற்றார். கார் ஓடவில்லை, ஆனால் அதே வித்தையை விமானத்தின் சக்கரக் காலுக்கு எடுத்துப் போனார். அந்தத் தொழில் இன்றைக்கும் பெரிய அளவில் நடக்கிறது. 1930களில் ஃபயர்ஸ்டோன் டயர் கம்பெனி ரப்பர் பெல்லோஸ் செய்து பார்த்தது. டயர் கம்பெனிக்கு இது இயல்பான வேலை. பெல்லோஸ் என்பது வேறு ஒன்றுமில்லை. டயர் மாதிரியே நூல் பாவிய ரப்பரை இட்லிமேல் இட்லி வைத்தது போல அடுக்கிக் காற்றடைத்தது.

இதில் என்ன விசேஷம்? எனக்குப் புரிந்த பாஷையில் சொல்கிறேன். பட்டை ஸ்பிரிங் ஒரு டேர்ம் லோன். கையெழுத்துப் போட்ட அன்றைக்கே தவணை முடிவாகிவிட்டது; உங்கள் வியாபாரம் படுத்தாலும் எழுந்தாலும் அதே தவணை. டிரெய்லருக்கு முழு பாரம் 1,000 கிலோ என்று கணக்குப் போட்டு ஸ்பிரிங் வைக்கிறீர்கள். 500 கிலோவோடு போனால் அதே ஸ்பிரிங் ரொம்ப விறைப்பு. சக்கரம் துள்ளும், பெட்டிக்குள் முட்டை ஆம்லெட் ஆகும். காற்றுப் பை கேஷ் கிரெடிட். ஸ்டாக் ஏறினால் டிராயிங் பவர் ஏறும், இறங்கினால் இறங்கும். பாரம் பாதியானால் காற்றழுத்தத்தையும் பாதியாகக் குறைக்கலாம், விறைப்பும் அதற்கேற்பக் குறையும். ஆகவே காலியோ நிறைவோ, குலுக்கல் ஏறத்தாழ ஒரே மாதிரி. உயரமும் நம் கையில். மேட்டில் ஏற்று, சமதளத்தில் இறக்கு, ராத்திரி முகாமில் ஒரு பக்கம் பள்ளமாக இருந்தால் அந்தப் பக்கப் பையை மட்டும் உப்பு. தூங்கும்போது தலை கீழே போகாது.

இவ்வளவு நல்ல சரக்கு ஏன் எல்லாக் காரிலும் இல்லை? அதுதான் காடிலாக் கதை. 1957-ல் ஜெனரல் மோட்டார்ஸ் 'எல்டொராடோ பிரோம்' என்று ஒரு ராஜா வண்டி விட்டது. விலை 13,074 டாலர். அந்தக் காசுக்கு அப்போது அமெரிக்காவில் நல்ல வீடே வாங்கலாம். துருப்பிடிக்காத எஃகுக் கூரை, நாலு சக்கரத்துக்கும் காற்றுப் பை. அடுத்த வருஷம் செவ்ரலே, பியூக் வாங்குகிறவர்களும் கூடுதல் காசு கொடுத்தால் காற்றுப் பை உண்டு என்றார்கள். ஃபோர்டும் பின்னாலேயே வந்தது.

வாங்கியவர்கள் பாடு திண்டாட்டம். ராத்திரி நிறுத்திய வண்டி காலையில் தரையோடு உட்கார்ந்திருக்கும், கழுதை படுத்த மாதிரி. மூட்டுக்கு மூட்டு காற்றுக் கசிவு. குழாய்க்குள் சேர்ந்த ஈரம் குளிர்காலத்தில் உறைந்து வால்வை அடைத்தது. டீலர்களே காற்றுப் பையைக் கழற்றிவிட்டுச் சுருள் ஸ்பிரிங் மாட்டிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். ரெண்டு வருஷத்தில் 704 பிரோம் விற்றது. 1960 வாக்கில் அமெரிக்கக் கார்களிலிருந்து காற்றுப் பை அநேகமாகக் காணாமல் போய்விட்டது.

ஆனால் அதே ஜெனரல் மோட்டார்ஸ், அதே காற்றுப் பையை 1953-லேயே பஸ்ஸில் போட்டிருந்தது. 1954-ல் கிரேஹவுண்டுக்குச் செய்த மாடி வைத்த சீனிக்ரூஸர் பஸ்ஸிலும் அதுதான். பஸ்ஸில் அது நிலைத்துவிட்டது. ஏன் என்று யோசித்தேன். பஸ்ஸுக்கு ஏர் பிரேக் உண்டு. கம்ப்ரஸர், டேங்க், குழாய் எல்லாம் பிரேக்குக்காக ஏற்கனவே செலவு பண்ணியாகிவிட்டது. காற்றுப் பைக்கு ஆவது மேல் செலவு மட்டும்தான். தினம் காலையில் குழாயைத் தட்டிப் பார்க்க டிப்போவில் ஆளும் உண்டு. காரில் இது எதுவும் கிடையாது; எல்லாச் செலவும் காற்றுப் பை தலையிலேயே விழுந்தது. காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்பில் தூங்காதவர்களுக்கு இது சட்டென்று புரியும் :-)

1992-ல் ஐரோப்பிய நாடுகள் இன்னொரு படி போயின. காற்றுப் பை உள்ள லாரி ரோட்டைக் குறைவாக நசுக்குகிறது என்று, பின்னால் ஜோடி ஆக்சில் உள்ள வண்டிக்கு அந்த ஜோடியின் மேல் 18 டன்னுக்குப் பதில் 19 டன் வரை அனுமதி கொடுத்தன. ஒரு டன் கூடுதல் பாரம் என்றால் லாரிக்காரர் சும்மா இருப்பாரா? நம் நாட்டில் 2001-ல் வால்வோ பி7ஆர் பஸ் வந்த பிறகுதான் என் போன்றவர்களின் முதுகெலும்பு காற்றுப் பையை அறிந்தது. தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவன் முதுகு எந்தப் பொறியியல் புத்தகத்தையும்விட நன்றாகச் சொல்லும்.

பஸ்ஸும் லாரியும் லட்சக்கணக்கில் காற்றுப் பை வாங்கவும் பை மலிந்தது, கடைக்கு வந்தது. அமெரிக்காவில் லான்சிங் ஊரில் 1949-லிருந்தே ஏர் லிஃப்ட் என்ற கம்பெனி, சுருள் ஸ்பிரிங்குக்குள் திணிக்கிற சின்னப் பைகளை விற்றுக்கொண்டிருந்தது. 1992-ல் ரேஞ்ச் ரோவர் ஜீப்பிலேயே காற்றுப் பை வந்தது. (அதிலும் கசிவு. அதிலும் கழற்றிப் போட்டுச் சுருள் மாட்டியவர்கள் ஏராளம். வரலாறு சொன்னதையே சொல்லும் கிளிப்பிள்ளை.)

ரெண்டு சாமானும் நன்றாகப் பழகியது ஆஸ்திரேலியாவில். அங்கே நடுநாட்டுப் பாலைவனத்தில், வூமெரா ஏவுகணைத் தளத்துக்காக லென் பீடல் என்ற நில அளவையாளர் தன் சின்னக் குழுவோடு 1955-லிருந்து 1958-க்குள் கன்பேரல் சாலையைப் போட்டார். ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், தார் கிடையாது. அந்த மாதிரிச் செம்மண் பாதைகளில் ஒரு வியாதி உண்டு. ஓட ஓடக் குறுக்கே வரி வரியாக அலை விழும், தகர ஓடு மாதிரி. கீத் மேதர் என்ற ஆஸ்திரேலிய இயற்பியலாளர் இதை ஆராய்ந்து 1963-ல் எழுதினார். ஸ்பிரிங் இல்லாத வெறும் சக்கரம் ஓடினாலும், ஒரு வேகத்துக்கு மேல் போனால் மணலில் அலை விழுந்தே தீரும். 2007-ல் இன்னொரு குழு சோதனைச்சாலையில் மறுபடி அதைக் காட்டியது. அந்த அலையில் நாள் முழுக்க ஓடினால் பட்டை ஸ்பிரிங் முறியும், ஷாக் அப்சார்பர் கொதிக்கும், போல்ட்டு தானே கழன்று விழும். பத்து நாள் தண்ணீரும் சாப்பாடும் டிரெய்லரில் இருக்கிறது, பக்கத்து ஊர் ஐநூறு கிலோமீட்டர் என்றால் இது விளையாட்டில்லை. அதனால்தான் வீட்டுப் பட்டறைக்காரர்கள் ஸ்பிரிங் விஷயத்தில் இவ்வளவு மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்.

அரசாங்கமும் அங்கே ஒரு வழி வைத்திருந்தது. 4.5 டன் வரை டிரெய்லர் எப்படிக் கட்ட வேண்டும் என்று சாதாரண ஆளுக்குப் புரியும்படி ஒரு விதிப் புத்தகமே போட்டது. 750 கிலோ வரை பிரேக் வேண்டாம். அதற்கு மேல் பிரேக் வேண்டும். 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரத்துக்கும் பிரேக், கொக்கி அறுந்தால் தானாகப் பிடிக்கும் ஏற்பாடும் வேண்டும். 2021-க்குப் பிறகு நடைமுறைகள் மாறின. கொல்லைப்புறக் கட்டுமானம் நிற்கவில்லை.

நம் ஊர் நிலைமை வேறு. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் விளக்கப் பிரிவில், எஞ்சினே இல்லாத டிரெய்லரும் 'மோட்டார் வாகனம்' என்றுதான் சேர்த்திருக்கிறார்கள். ஆகவே பதிவு வேண்டும். பதிவுக்கு முன்னால் மாதிரி ஒப்புதல் என்று ஒரு பெரிய மதில். வீட்டில் ஒற்றை வண்டி செய்கிறவரால் அதை ஏறிக் குதிக்க முடியாது.

இது எனக்குத் தெரிய வந்தது ஒரு வாடிக்கையாளரால். மெஷினிஸ்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். பென்ஷன் கணக்கு எங்கள் கிளையில். ஒரு நாள் கையில் சுருட்டிய வரைபடத்தோடு வந்து, "மேனேஜர் சாப், ஒரு சின்னக் கடன் வேணும்" என்றார். பழைய ஜிப்ஸிக்குப் பின்னால் இழுக்கக் காற்றுப் பை டிரெய்லர். பேத்திகளோடு நர்மதைக் கரையெல்லாம் சுற்ற வேண்டுமாம். வரைபடம் பென்சிலில், மில்லிமீட்டர் சுத்தமாக. நான் கேட்டது ஒன்றுதான்: ஆர்.சி. எப்படி வரும்? ஆர்.சி. இல்லாத வண்டியை அடமானமாக எந்த வங்கியும் எழுதிக்கொள்ளாது. அவருக்கும் அது தெரிந்தே இருந்தது. கோபப்படவில்லை. "பேப்பர் இல்லாட்டி ரோட்டுக்குப் போகாது, அவ்வளவுதானே? அண்ணன் நிலத்துல ஓட்டுறேன்" என்று சொல்லிவிட்டுச் சொந்தக் காசில் ஆரம்பித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்த்தேன். ஆணி பிடுங்காத நாளில் வேறென்ன வேலை? :-) பஸ் ஒன்றிலிருந்து கழற்றிய பை முதலில் வாங்கினார். அது இந்த எடைக்குப் பெரிசு. இத்தனை குறைந்த அழுத்தத்தில் தொளதொள என்று நின்றது. பிறகு சின்னப் பை. அப்போதுதான் ஒரு விஷயம் புரிந்தது. பட்டை ஸ்பிரிங் ரெண்டு உத்தியோகம் பார்க்கிறது. பாரம் தாங்குவது ஒன்று, ஆக்சிலை அதன் இடத்தில் பிடித்து வைப்பது இன்னொன்று. காற்றுப் பை முதல் வேலையை மட்டும்தான் செய்யும். ரெண்டாவது வேலைக்கு, சக்கரத்துக்கு ஒன்றாகப் பின்னோக்கி நீளும் இரும்புக் கை வேண்டும், அதற்கு ரப்பர் புஷ் வேண்டும், ரெண்டு சக்கரமும் நேர்கோட்டில் நிற்க வேண்டும். பைக்குள் காற்றே போனாலும் பெட்டி சக்கரத்தில் உட்காராதபடி உள்ளே ஒரு கட்டை. சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது பை பிய்ந்துவிடாதபடி ஒரு வார். பைக்கும் கைக்கும் நடுவே கல் மாட்டாதபடி இடைவெளி. காற்றழுத்தத்தால் பை கெடுவது அபூர்வம், உரசித்தான் கெடுகிறது என்பார். காசு பாதிக்கு மேல் போனது இந்தச் சில்லறையில்தான். பை ரெண்டும் அந்தக் கணக்கில் சின்ன வரி.

இடது பையையும் வலது பையையும் ஒரே குழாயில் இணைத்தது முதல் முயற்சி. வளைவில் திரும்பினால் பாரம் விழுகிற பக்கத்துக் காற்று மறுபக்கம் ஓடிவிடுகிறது. டிரெய்லர் இன்னும் சாய்கிறது. ரெண்டாம் முயற்சியில் தனித்தனிக் குழாய், நடுவில் மூடித் திறக்கிற ஒரு குழாய்த் திருகு. மெதுவாகப் பாறை ஏறும்போது திறப்பார், ஓட்டத்தில் மூடுவார்.

காடிலாக் கதையை நான் அவரிடம் சொன்னேன். டீலரே காற்றுப் பையைக் கழற்றிச் சுருள் மாட்டிக் கொடுத்த இடம் வந்ததும் ரொம்ப நேரம் சிரித்தார். பிறகு டிரெய்லருக்கு அடியில் குனிந்து பார்க்கச் சொன்னார். சேஸிஸின் ரெண்டு பக்கமும், ஏற்கனவே, பட்டை ஸ்பிரிங் மாட்டுவதற்கான பிராக்கெட் நாலையும் வெல்ட் பண்ணி, மேலே துருவுக்குச் சிவப்பு பிரைமரும் அடித்து வைத்திருந்தார்.